நாற்பத்தோராவது நொடி

படித்த பெண் பேய்க் கதை சொல்கிறாளே என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கண் ஆஸ்பத்திரியில் பார்வை அளக்கும் வேலை. இது என் அப்பாவுக்கு, என் கண்ணெதிரில் நடந்தது.

அப்பா லாரி ஓட்டுநர். அவர் குறட்டைக்குச் சுவரே அதிரும். நடுநடுவே சட்டென்று நிற்கும். "அப்பாடா, நின்னுடுச்சு. திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள தூங்குங்கடி" என்பாள் அம்மா. இருபது வருஷம் அந்த இடைவெளியில்தான் நானும் அக்காவும் தூங்கினோம். நிற்பது குறட்டை இல்லை, மூச்சு என்று எந்த முட்டாளுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் ஒரு காலை, அப்பா எழுந்தபோது இடது கண்ணில் கீழ்ப்பாதி இருட்டு. எங்கள் டாக்டர் பார்த்தார். கண் நரம்புக்கு ரத்தம் போதவில்லையாம்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு இப்படி வரலாம்மா. போன பார்வை திரும்புறது கஷ்டம். இன்னொரு கண்ணைக் காப்பாத்தணும். தூக்கப் பரிசோதனை எடுத்துடுங்க."

மூன்று வாரமாகியும் அப்பா மசியவில்லை.

"குறட்டைக்கெல்லாமாடி ஆஸ்பத்திரி? ஊரே சிரிக்கும்."

"ரெண்டு கண்ணும் போனா ஊரா வந்து லாரி ஓட்டும்?"

"இவ படிச்சாலும் படிச்சா…" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆதாரம் காட்டினால்தான் வழிக்கு வருவார். அன்றிரவு அம்மா அக்கா வீட்டில். நாங்கள் இருவர் மட்டும். கதவைத் தாழிட்டேன். போனில் ரெக்கார்டிங் போட்டு, அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

1:52. குறட்டை நின்றது. எண்ணினேன். பதினெட்டு நொடி. ஹக்கென்று மூச்சு வந்தது.

2:10. இருபத்தாறு நொடி.

டீசல் வாடை அடித்தது. அப்பா லாரியைத் தொட்டு மூன்று வாரம். சட்டையெல்லாம் துவைத்தாயிற்று.

2:31. நின்றது.

முப்பது… முப்பத்தைந்து… நாற்பது… எழுப்பக் கை நீட்டினேன்.

அப்பாவின் இடது இமை மேலே போனது.

அவர் திறக்கவில்லை. இமை நடுவில் ஒரு குழி. கட்டைவிரல் வைத்துத் தூக்கினால் விழுமே, அப்படி. தினமும் நோயாளிகளுக்கு நான் செய்வதுதான். எனக்குத் தெரியாதா?

வெள்ளை விழி தெரிந்தது…

ஹக்!

அப்பா துள்ளி எழுந்தார்.

வாடை இல்லை.

விடிந்ததும் தனியாக ரெக்கார்டிங்கைக் கேட்டேன். மூச்சு நின்ற நாற்பத்தோராவது நொடியில் ஒரு ஆண் குரல். மெதுவாக.

"டேய்… இருக்கியா?"

அப்பாவிடம் குரலைப் பற்றியோ, இமையைப் பற்றியோ மூச்சுவிடவில்லை. நாற்பது நொடி மூச்சு நின்றதை மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அவனுக்கும் இப்படித்தான் நின்னுருக்கும்…"

"யாருக்குப்பா?"

நான் பிறப்பதற்கு முன், அவரோடு மாற்றி மாற்றி லாரி ஓட்டிய கூட்டாளி. ஒரே கேபினில் படுப்பார்களாம். ஒரு ராத்திரி அந்தக் கூட்டாளியின் குறட்டை நின்றது.

"அப்பாடான்னு திரும்பிப் படுத்துட்டேம்மா. காலையில பார்த்தா சில்லுன்னு கிடக்கிறான். நம்ப முடியல. இப்படி இமையைத் தூக்கி…" கட்டைவிரலைத் தன் இடது கண்ணில் வைத்துக் காட்டினார். "'டேய், இருக்கியா'ன்னு ரெண்டு தடவை கேட்டேன்."

சட்டைகூட மாற்ற விடாமல் அவரைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரெக்கார்டிங்கில் அந்தக் குரல் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது.