கணப்புச் சட்டியும் சாத்திய ஜன்னலும்

குயேனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஊரில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். அந்த ஊரில் பாதிப் பேரைத் தலை பிடித்து வெளியே இழுத்தவளே அவள்தான். வலி எடுத்தால் மருத்துவச்சி குயேனைத்தான் தேடுவார்கள். பிள்ளை பிறந்த மறுவாரம் அவளே வீடு தேடி வந்தால்தான் பயம்.

பயத்துக்குக் காரணம் கரி. மத்திய வியட்நாமின் கடலோரத்தில் மழைக்காலக் குளிர் எலும்புவரை இறங்கும். பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கடியில் கணப்புச் சட்டி வைக்காவிட்டால் வயதான காலத்தில் ஒவ்வொரு மூட்டும் மாமியாரைத் திட்டும் என்பார்கள். மூடிய அறையில் கரி கனன்றால் மணமில்லாத விஷக்காற்று சேரும், முகத்தைச் சிவக்கவைத்தே ஆளைக் கொல்லும் என்று குயேன் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுத்தாள். தான் பிள்ளை பெற்றபோது அதே கணப்பின்மேல் சுகமாகக் கிடந்ததை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. அன்றைக்கு வீடு ஓலை; காற்று கேட்காமலே வந்துபோகும். இன்றைக்கு எல்லாருக்கும் செங்கல் சுவர், கண்ணாடி ஜன்னல், இடுக்குக்கு ரப்பர். அவள் திட்டத் திட்ட, ஊர் கரியை விடவில்லை, புகையை விட்டது. புகையாத உயர்ந்த கரியாகப் பார்த்து வாங்கி, ஜன்னலையும் சாத்திக்கொண்டது. கீழ்ப்படிதலில் இது ஒரு வகை.

அன்று காலை ஸ்கூட்டர் மழையில் நனைந்து கிளம்ப மறுத்தது. பிள்ளை பெற்று ஒரு வாரமான லாயின் வீட்டுக்குக் குயேன் குடை பிடித்து நடந்தே போனாள். வாசலில் லாயின் மாமியார் நுவோய், மிளகு தூக்கலாகப் போட்ட பன்றிக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி குயேன், நடந்து வர்றே? வண்டிய வித்துட்டியா?"

"மக்கர் பண்ணுது பெரியம்மா. லாய் எங்க?"

"தூங்குறா. காலையில தலைவலி, வாந்தின்னா. இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பாத."

"பிள்ளை?"

"சமத்து! விடிஞ்சதுலேர்ந்து ஒரு அழுகை இல்ல. கன்னம் பாரு, செக்கச்செவேல்னு ரோசாப்பூ கணக்கா."

குயேன் குடையை வாசலிலேயே போட்டாள். பச்சைப் பிள்ளையை அங்கே யாரும் புகழமாட்டார்கள். புகழ்ந்தால் பேய் காதில் விழும். 'குரங்கே', 'அவலட்சணமே' என்று கொஞ்சுவதுதான் முறை. வழக்கம் எதிலும் பிசகாத நுவோயே வாய்தவறிப் புகழ்கிறாள் என்றால், பிள்ளை அவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது.

"கணப்பு எங்க?"

"எந்தக் கணப்பு? நீதான் வேணாம்னியே."

"பெரியம்மா!"

நுவோய் கரண்டியைப் பார்த்தபடி முனகினாள். "நீ வண்டில வந்திருந்தா எடுத்து ஒளிச்சிருப்பேன்."

குயேன் கதவைத் தள்ளினாள். அறை கதகதவென்று இருந்தது. புகை இல்லை, வாசனையும் இல்லை. கட்டிலுக்கடியில் கரி அழகாகக் கனன்றது. லாய் வாய் பிளந்து கிடந்தாள். அவள் முகமும் ரோசாப்பூதான்.

குயேன் மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி, பின்னாலேயே வந்த நுவோய் கையில் திணித்தாள். "முற்றத்துக்கு ஓடுங்க!"

"ஐயோ, காத்து பட்டா..."

"படட்டும்! ஓடுங்க!"

லாயைப் பாயோடு இழுத்து வந்து தாழ்வாரத்தில் போட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரன் ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்தான். சாரல் முகத்தில் அடிக்க, லாய் ஒருமுறை வாந்தியெடுத்துக் கண் திறந்தாள்.

"அக்கா... காதுல பஞ்சு விழுந்துடுச்சு. குளிருது."

நுவோய் கையில் பிள்ளை அசையாமல் கிடந்தது. குயேன் உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், அதன் வாயோடு வாய் வைத்து ஊதினாள். நுவோய் பன்னிரண்டு பிறப்புத் தெய்வங்களையும் பேர் பேராகக் கூப்பிட்டாள். கடைசித் தெய்வத்தின் பேரை மறந்து அவள் திணறியபோது, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகை.

"அசிங்கம் பிடிச்ச குரங்கு," என்றாள் குயேன். அதை அவள் இவ்வளவு மனதாரச் சொன்னதே இல்லை.

"பாத்தியா, காத்து பட்டு அழுது," என்றாள் நுவோய்.

தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தக் கரிக்காற்று பிள்ளையின் மூளையில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்பதைப் பிள்ளை வளர்ந்துதான் சொல்ல வேண்டும்.

ஸ்கூட்டர் சரியாகி வந்ததும் குயேன் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அன்றிலிருந்து வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறாள்.

ஊர் இப்போது அவள் செருப்புச் சத்தத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது.