சவுரியும் சிவப்பு லேசரும்

டைபாய்டு வந்துபோன பிறகு சித்தியின் முடி பாதியாகக் கொட்டிவிட்டது. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் அதையே காரணம் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். அடுத்த வரன் வருவதற்குள் அம்மா தாராவிக் கடைத்தெருவில் ஒரு சவுரி வாங்கிவந்து, சித்தியின் பின்னலை இடுப்புவரை இறக்கிவிட்டாள். "ஏட்டி, மூச்சு விடப்படாது, பாத்துக்க" என்று எனக்குத் தனி எச்சரிக்கை வேறு. நானும் விடவில்லை.

மாப்பிள்ளை அணுசக்தி நகரிலிருந்து வந்தார். ஏதோ ஆய்வகத்தில் லேசர் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேசரி தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்த பொம்மை லேசர் அவர் கண்ணில் பட்டது. மனிதருக்கு உயிர் வந்துவிட்டது.

"பாப்பா, ஒரு முடி குடு. ஜாதூ வித்தை காட்டறேன்."

சித்தியின் பின்னல் நுனியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, முடியின் மேல் லேசரை அடித்தார். சுவரில் ஒரே புள்ளி விழவில்லை. சிவப்பும் இருட்டுமாக மாறிமாறி ஒரு வரிசை விழுந்தது.

"வெளிச்சத்துக்கு நடுவுல இருட்டு எப்படி வந்துச்சு?" என்று அதுவரை வாய் திறக்காத சித்தி கேட்டாள்.

அவருக்கு அதைவிட என்ன வேண்டும்? "வெளிச்சமும் அலைதாங்க. முடிக்கு ரெண்டு பக்கமும் சுத்தி வந்து சேருது. மேடும் மேடும் சேர்ந்தா வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்தா இருட்டு. தடிச்ச முடின்னா கோடு நெருங்கும், மெல்லிசுன்னா விலகும். ஆளுக்கு ஆள் வேற."

"ஒரே ஆளுக்கு?" என்றேன் நான்.

"கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்."

பார்க்காமல் எப்படி நம்புவது? சித்தியின் உச்சந்தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினேன். அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்த முறை கோடுகள் நன்றாக விலகி விழுந்தன. இருட்டிலும் குறி தப்பாமல் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு முடிகளையும் தடவிப் பார்த்தார். பிறகு லேசரை அணைத்தார்.

"பேட்டரி வீக் பாப்பா. ஏக்தம், சுத்தமா தப்பா காட்டுது."

"நேத்துதான் போட்டது!" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் விளக்கைப் போட்டுவிட்டு, சித்தியிடம் இன்னொரு டீ கேட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வீடே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. எனக்கு மட்டும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுகூட அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்தான். லேசரோடேயே வேலை பார்க்கிறவருக்கு, புது பேட்டரி எது என்றுகூடத் தெரியவில்லையே!