பவுன் விலை ஏறியபோது ரத்தினசாமி செய்த காரியம்

திருப்பூரில் அந்தக் காலத்தில் நேரம் தெரிய மில் சங்கே போதும். அப்படியிருந்தும், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த ரத்தினசாமி 1958ஆம் வருஷம் ஒரு தங்கக் கைக்கடிகாரம் வாங்கினார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பஞ்சு வியாபாரி, சீமையில் செய்தது, கேஸ் அசல் தங்கம் என்று சொல்லி முந்நூற்றைம்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். மனைவி பெரியாத்தாள் நாலு பவுன் சங்கிலிக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

"இதும் தங்கந்தான். உன்ற சங்கிலி மணி சொல்லுமா?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"சொல்லாதுங்க. சும்மா கழுத்துல கெடக்கும்," என்று சொல்லிவிட்டுப் பெரியாத்தாள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்றிலிருந்து ரத்தினசாமிக்கு முழுக்கைச் சட்டை பிடிக்காமல் போனது. மார்கழிக் குளிரிலும் இடது கையை மட்டும் முழங்கை வரை மடித்து விட்டுக்கொள்வார். அறுபத்து மூன்றில் தங்கக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அரசாங்கம் தன் கடிகாரத்தைத்தான் குறிவைத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். மூன்று மாதமாகியும் எந்த அதிகாரியும் அவர் குடியிருந்த மங்கலம் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

எழுபத்து நாலில் பவுன் நானூறு ரூபாயைத் தொட்டது. ரத்தினசாமி வாழ்க்கையில் முதல் முறையாகக் காலையில் பேப்பர் வாங்க ஆரம்பித்தார். தலைப்புச் செய்தி எதுவும் அவருக்கு வேண்டாம். தங்கம் விலை போட்டிருக்கும் மூலை போதும். படித்துவிட்டுக் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். ஏப்ரலில் அது நாலு பவுன் கனத்தது. ஜூனில் ஐந்து பவுன் கனத்தது. விலை ஏற ஏற எடையும் ஏறுகிற தங்கம் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் எதிரே கடிகாரம் ரிப்பேர் செய்யும் முஸ்தபாவிடம் அதைக் கொண்டுபோனார். முஸ்தபா பின்மூடியைத் திறந்து, கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இந்த மிஷின் இப்ப எங்கயும் கெடைக்காதுங்க. கோயமுத்தூர்ல பழைய வாட்சா வாங்கிச் சேக்குற ஒரு மில்லுக்காரர் இருக்காருங்க. அப்படியே முழுசா குடுத்தீங்கன்னா எண்ணூறு வாங்கித் தர்றேன்."

"பாய், பவுன் என்ன விலை விக்குதுன்னு தெரியுங்களா? இது அஞ்சு பவுனுங்க. ரெண்டாயிரம் ஆச்சு."

"மிஷினு இரும்பும் பித்தளையுங்க. மேல கண்ணாடி. கேஸ் மட்டுந்தான் தங்கம், அதும் பதினெட்டு கேரட்டு."

தன் தங்கத்தில் இரும்பைக் கலந்து பேசுகிற ஆளோடு ரத்தினசாமிக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. நேரே கடைவீதிக்குப் போய் மணியன் ஆசாரி முன்னால் உட்கார்ந்தார்.

ஆசாரி மிஷினை நெம்பி எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். கண்ணாடியைத் தட்டி எடுத்தார். மிச்சமிருந்த கேஸை உரைகல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு, தராசில் போட்டார். தட்டு மேலே ஏறியதே தவிர, இறங்குகிற வழியைக் காணோம்.

"பதினோரு கிராமுங்க. மாத்துக் கொறவு. நானூறு தர்லாமுங்க."

"மறுக்கா நிறுங்க."

ஆசாரி மூன்று தரம் நிறுத்தார். பதினோரு கிராமுக்கு ரத்தினசாமியின் முகத்தைப் பார்த்து இரக்கம் வரவில்லை. கேஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமென்றால், நெம்பிய இடத்தில் விளிம்பு வளைந்து போயிருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, காகிதப் பொட்டலத்தோடு திரும்பவும் முஸ்தபாவிடம் வந்தார்.

முஸ்தபா பொட்டலத்தைப் பிரித்தார். "எண்ணூறு ரூவா வாட்சை நானூறுக்கு உருக்கிப்போட்டீங்களே, மாஸ்டர்," என்று மட்டும் சொன்னார். பிறகு மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு நிக்கல் கேஸில் பொருத்திக் கொடுத்தார்.

வீட்டில் பெரியாத்தாள் நோட்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்தாள். "ஒரு பவுன் வருமுங்க," என்றாள். மறுநாளே கடைவீதிக்குப் போய், யோசனை கேட்காமல், ஒரு பவுனில் மோதிரமும் தோடும் வாங்கி வந்தாள்.

நிக்கல் கடிகாரம் ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் ஓடியது. கம்பெனியில் யாராவது மணி கேட்டால் ரத்தினசாமி கையை நீட்டிக் காட்டுவார். கூடவே, வாட்சில் விஷயமே மிஷின்தான், தங்கத்தைப் பார்த்து வாங்குகிறவன் விவரம் தெரியாதவன் என்று ஒரு விளக்கமும் தருவார்.