ஒன்பது புள்ளி ஒன்பது குதிரைகளுக்கு ஒரு ஸ்டிக்கர்

"தலைக்கு எதுக்கு டிக்கெட்டு? உடம்பு கடப்புறத்துலல்லா கிடக்கு."

கருங்கலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் கண்டக்டரிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில் லுங்கியில் பொதிந்து பெரிதாக ஏதோ இருந்தது. கண்டக்டர் லுங்கியை விலக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மீன்பிடி வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சினின் மூடி; எஞ்சின் கடற்கரையில் கிடக்கிறதாம். கண்டக்டர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமலே அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

ஸ்டிக்கர் கடைக்கு வருகிறவர்கள் யாரும் பொருளைச் சரிசெய்யச் சொல்வதில்லை. அதைப் பார்க்கிறவர்களைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு எட்டு மாதமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கிற எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

தொண்டைக்கு மருந்து

கடை திறந்து பத்து நிமிஷத்தில் அந்த லுங்கி மூட்டை உள்ளே வந்தது. முதலாளி சுயம்பு அண்ணன் ஒரு போர்டு மாட்டுவதற்காக வெளியே போயிருந்தார். ஆட்களிடம் பேசுவதற்கு எனக்குக் கூச்சம் என்பதால் ஒரு அட்டை தயாரித்து லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என்ன வண்டி, என்ன அளவு, என்ன நிறம், என்ன எழுத வேண்டும் என்று நான்கு கேள்விகள். யார் வந்தாலும் அதை நீட்டிவிடுவேன்.

அவர் கண்ணாடி போட்டு அதை மேலிருந்து கீழே வரை வாசித்தார். பிறகு அட்டையில் இல்லாத ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொன்னார். பெயர் அருளப்பன். அவருடைய வள்ளத்தில் கூட வரும் சூசையும் ராபினும் ஐந்து நாளைக்கு முன்னால் பக்கத்து வள்ளத்துக்கு மாறிவிட்டார்கள். அந்த வள்ளத்தில் புது எஞ்சின், தூரத்தில் இருந்தே பளபளக்கும். இவருடையதில் எழுத்தெல்லாம் உப்புக் காற்றில் வெளிறி உரிந்து, பழைய அலுமினியச் சட்டி போல ஆகிவிட்டது. ஒற்றை ஆளாக வலை போட முடியாது. ஐந்து நாளாக வள்ளம் மணலில் கிடக்கிறது. எனவே அந்த இரண்டு பேரும் திரும்பி வருகிற மாதிரி ஒட்டித் தர வேண்டும்.

நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், இரக்கத்தோடு சொன்னார்: "பிள்ளைக்கு தொண்டை சரியில்ல போலிருக்கு. கல்கண்டும் நல்லமிளகும் வாயில போடு மக்கா, இந்த அட்டையெல்லாம் வேண்டாம்."

பின்னால் வருகிறவன் வாசிக்க

மூடியில் மிச்சமிருந்த எழுத்தின்படி அது 9.9 குதிரைசக்தி எஞ்சின். அருளப்பன் அண்ணனுக்கு அந்த எண் பிடிக்கவில்லை. செருப்புக் கடையில் தொண்ணூற்றொன்பது என்று விலை எழுதி வைத்திருப்பதைப் போல இருக்கிறதாம். நாற்பது என்று போடச் சொன்னார்.

மானிய மண்ணெண்ணெய்க்காக வள்ளங்களைப் பரிசோதிக்க வருவார்களே, அப்போது பொய்யான எண் மாட்டிக்கொள்ளாதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். அன்றைக்கு மட்டும் மூடிமேல் துவர்த்துத் துண்டைக் காயப்போட்டுக்கொள்வதாகச் சொன்னார். நான் சீட்டைத் திரும்பவும் அவர் பக்கம் நகர்த்தினேன். நாற்பது இருபத்தைந்தானது, இருபத்தைந்து பதினைந்தானது. கால் மணி நேரம் கழித்து உண்மைக்கு இறங்கி வந்தார். ஆனால் சும்மா வரவில்லை.

"செரி, ஒம்பது புள்ளி ஒம்பதே போடு. புள்ளியை மட்டும் கடுகு போல வை, பின்னால வாறவனுக்கு தொண்ணூத்தொம்பது எண்ணு தெரியணும்."

மூன்றாவது தோல்

பழைய ஸ்டிக்கரை உரிக்காமல் புதியதை ஒட்டினால் இரண்டு வாரத்தில் வீங்கி எழும். ஹீட் கன்னால் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அருளப்பன் அண்ணன் மூடியை என்னிடம் முழுதாகத் தரவில்லை. ஒரு பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்; மிச்சம் இருந்த பக்கத்தில் நான் உரித்தேன். தலைக்கு மொட்டையடிக்கும்போது குழந்தையைப் பிடித்திருப்பார்களே, அப்படி.

உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், நீலத்தில். எஞ்சின் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிக் கைமாற்றி விற்றது என்பதால் அதில் ஆச்சரியமில்லை. அதையும் உரித்தேன். அடியில் மூன்றாவதாக ஒன்று. அதில் 8 என்று எழுதியிருந்தது.

அவர் வாசல் பக்கம் திரும்பி, ஆள் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டார். "நீ பாக்கல்ல, நானும் பாக்கல்ல" என்றார். ஆனால் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, எஞ்சின் உடம்பில் ஆணியடித்திருக்கிற தகட்டை வாசித்துச் சொல்லும்படி மனைவியைக் கடப்புறத்துக்கு அனுப்பினார். அந்த அக்கா வெயிலில் நடந்து போய் வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். மூடிதான் எங்கேயோ மாறியிருக்கிறது, எஞ்சின் 9.9 தான். ஸ்பீக்கரில் கடல் இரைச்சலோடு அவர் குரல் வந்தது: "ஒம்பது புள்ளி ஒம்பதுதான் போட்டிருக்கு. அந்த எட்டை எடுத்து உமக்க மண்டையில ஒட்டச் சொல்லும்."

குவைத்தின் கருத்து

மூடியைக் கடையில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போன பிறகு டிசைனை வாட்ஸாப்பில் அனுப்பினேன். வாடிக்கையாளருக்கு டிசைன் அனுப்பிப் பழகியவர்களே, அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். தம்பி தீ ஜுவாலை கேட்டார். மச்சினி பூ கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இதயம் அனுப்பினாள். அது கருத்தா, வடிவமா என்று தெரியாமல் அதையும் எனக்கே அனுப்பிவைத்தார். நான் நீலத்தில் அலை போல மூன்று கோடுகள் போட்டிருந்தேன். எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் அவருடைய அக்கா எழுந்துவிட்டார். அத்தோடு நீலம் போய்ச் சிவப்பு வந்தது. காரணத்தை அருளப்பன் அண்ணன் குரல் பதிவாக அனுப்பியிருந்தார்.

"அக்கா சொல்லுதா, கடலும் நீலம் எஞ்சினும் நீலமானா விழுந்தா தேடுததுக்கு பாடு எண்ணு."

போகிற பக்கம், வருகிற பக்கம்

சிவப்புக் கோடுகளோடு அவர் மூடியை வாங்கிக்கொண்டு போன மறுநாள் மத்தியானம் இரண்டு புகைப்படங்கள் வந்தன. எஞ்சினின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கீழே "ஒருக்க வா" என்று மட்டும்.

பார்த்ததும் தப்பு தெரிந்தது. கோடுகள் முன்னால் தடித்து, பின்னால் காற்றில் இழுபடுகிற மாதிரி மெலிய வேண்டும். அதற்கு ஒரு பக்கத்துக்கு வெட்டியதைக் கண்ணாடியில் தெரிவதைப் போலப் புரட்டி மறுபக்கத்துக்கு வெட்ட வேண்டும். நான் புரட்டாமல் ஒன்றையே இரண்டு தடவை வெட்டியிருந்தேன். ஸ்டிக்கர் தொழிலில் முதல் வாரத்தில் செய்து முடித்துவிட வேண்டிய தப்பை எட்டாவது மாதம் வரை பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். சரியானதை வெட்டி எடுத்துக்கொண்டு சுயம்பு அண்ணனின் பைக்கில் அவருக்குப் பின்னால் ஏறினேன்.

கடப்புறத்தில் வள்ளத்தைச் சுற்றி ஒரு கூட்டம். மெலிந்த, உயரமான ஒருவர் எஞ்சினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் சூசை. "இந்தப் பக்கம் கடலுக்குப் போவுது. அந்தப் பக்கம் வீட்டுக்கு வருது. நடுவுல வள்ளம் கிடந்து வட்டம் கறங்கட்டா அண்ணே?"

கூட்டம் சிரித்தது. அருளப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. அட்டை கடையில் இருந்தது. "நான்தான் தப்பா வெட்டிட்டேன், இப்ப மாத்தித் தாறேன்" என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சுயம்பு அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

அருளப்பன் அண்ணன் மூடியைக் கழற்றி ஒரு பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மணலில் ஹீட் கன்னின் பிளக்கைச் சொருக இடமில்லை. ராபின் பக்கத்து வள்ளத்தில் இருந்து பிளாஸ்கை எடுத்து வந்து பால் விடாத கட்டன்சாயாவைக் கொதிக்கக் கொதிக்க ஸ்டிக்கர்மேல் ஊற்றினார். அது வேலை செய்தது. வழுக்கிய மூடியைச் சூசை பிடிக்கப் போக, அருளப்பன் அண்ணன் "தொடாதலே" என்றார்.

சூசை கையை எடுத்துக்கொண்டார். "இதுக்குத்தான் போனோம். ஒம்பது வருஷமா உமக்க வள்ளத்துல வலை இழுக்கேன், இந்த எஞ்சினுக்க கைப்பிடி சூடா தணுப்பா எண்ணு எனக்கு தெரியாது. அங்க முதல் நாளே ஓட்டத் தந்தான்."

"அப்ப ஸ்டிக்கர்?" என்றார் அருளப்பன் அண்ணன்.

"முன்னால குனிஞ்சு வலை இழுக்கவனுக்கு பின்னால என்ன எழுதியிருக்கு எண்ணு எப்பிடி ஓய் தெரியும்?"

மூடியில் அருளப்பன் அண்ணன் பிடித்திருந்த பக்கம் மட்டும் மெல்லத் தாழ்ந்தது. சூசை மறுபடி பிடித்தார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. நான் சோப்புத் தண்ணீர் தெளித்து, கோடுகளை ஒட்டி, குமிழ்களைத் தேய்த்து வெளியேற்றினேன்.

மூடியை மாட்டினார்கள். வலையை ஏற்றினார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து வள்ளத்தை அலைக்குள் தள்ளினார்கள். ராபின் தாவி ஏறினார். அருளப்பன் அண்ணன் ஏறி, வழக்கமான இடத்தில், எஞ்சின் கைப்பிடியில் ஒரு கையை வைத்து நின்றார். இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சூசையைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, வலைக் குவியலைத் தாண்டி முன்னால் போய், எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.