ஒரகடத்தில் ஒரு மலை

மலைச் சாலைகளில் மண் எங்கே சரியும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அதற்காக ஏற்காடு போகிற வழியில், ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் டீ குடிக்க நிற்கிறோம். கடையை ஒட்டி, புதுத் தொழிற்சாலைக்குக் கொட்டிய செம்மண் பனை உயரம் குவிந்திருக்கிறது. நேற்றைய மழையில் நன்றாக ஊறியும் இருக்கிறது. பழக்கதோஷம், நானும் சக பொறியாளர் சேகரும் அண்ணாந்து பார்க்கிறோம்.

"இதுக்கடியில வண்டிய விடவே கூடாது" என்கிறார் சேகர். ஜீப்பை எதிரே புல் படர்ந்த சமதரையில் நிறுத்திவிட்டு, நிம்மதியாக வடையைக் கடிக்கிறோம்.

கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார். "இன்னா சார், வண்டி உக்காந்துகினே போவுது?"

திரும்பினால், பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் சேற்றில். புல்லுக்குக் கீழே தூர்ந்துபோன ஏரி வாய்க்காலாம்.

பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த தேனிக்காரர்கள் நாலு பேர் தோள்கொடுக்கிறார்கள். ஜீப் மெல்ல மேலேறுகிறது.

"எங்கிட்டுண்ணே போறீக?" என்கிறார் ஒருவர், மூச்சு வாங்க.

"ஏற்காட்டுக்கு. மலை ரோட்டுல எந்த இடம் ஆபத்துன்னு கண்டுபிடிக்க" என்கிறேன்.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் கைகள் தளர்கின்றன. ஜீப் மறுபடி சேற்றில் உட்காருகிறது.

செம்மண் குவியலிலிருந்து ஒரு கட்டிகூட விழவில்லை.