அக்காவின் கேஸ் ஷீட்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: கேட்கப்படும் தகவல் ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதாக இருந்தால், மனு கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும். மற்றவற்றுக்கு முப்பது நாள்.

அக்காவின் முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்தத் தொடக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடலூரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இந்த உட்பிரிவுதான்.

அக்கா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை வீட்டில் பிறந்தார். பதினோரு வயதில் முட்டிகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது போகும்போது இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, பல ஆண்டுகள் போட வேண்டும் என்றார்கள். அப்பா இறந்ததும் அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது, ஊசியும் நின்றது. என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. இதை அலங்கரித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைத்தார். வரிசையில் கடைசியாக வரும் பிள்ளைக்குக் குழம்பு தண்ணீராகப் போகக் கூடாது என்று, அடிவரை கலக்கிவிட்டுத்தான் முதல் கரண்டியை எடுப்பார். ஓய்வு பெற்ற மறு வருடம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சிதம்பரத்தில் பார்த்த டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரி மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஆஸ்பத்திரி. அக்காவின் நெஞ்சில் இருந்த சத்தம் பாடத்துக்கு உகந்த சத்தமாம். காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். முதல் வாரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதவர், இரண்டாம் முறை சேர்த்தபோது அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தார்.

"கேட்டுச்சாம்மா? கேக்கலையா? இரு, எடது பக்கம் திரும்பிப் படுக்கறேன். மூச்சை வெளிய வுட்டு நிறுத்தறேன், அப்ப வெச்சுப் பாரு."

இறுதித் தேர்வுக்கும் அக்காவைத்தான் நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். நோயாளி உதவக் கூடாது என்பது அங்கே விதி. சத்தம் பிடிபடாமல் ஸ்டெதாஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்த ஒரு பெண்ணுக்காக, அக்கா தூக்கத்தில் புரள்வதுபோல இடது பக்கம் புரண்டுவிட்டார். அந்தப் பெண் தேறினாள்.

மூன்றாம் முறை சேர்த்தபோது அவளே அந்த வார்டில் பயிற்சி டாக்டர். வால்வுக்கான அறுவைச் சிகிச்சை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போனது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் சொன்னார்: "மச்சான், அந்தப் பெரிய டாக்டர நேர்ல பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாமே."

"நேர்ல பேசினா ரெக்கார்டு இருக்காது மாமா" என்றேன்.

வரிசையில் அக்கா எத்தனையாவது என்று கேட்டு, அக்காவின் பெயரிலேயே மனு எழுதினேன். தலைப்பில் 'உயிர் தொடர்பானது' என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். அக்கா படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"எதுக்குடா இது? வரிசைன்னா வரும். முன்னாடி நிக்கிறவங்களுக்கும் மூச்சு வாங்குதுல்ல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்றேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் என் அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலராகவும் இருந்தவன். இதே சிவப்புக் கோட்டோடு எனக்கும் மனுக்கள் வந்தன. ஒன்றைக்கூட உயிர் தொடர்பானதாக நான் ஏற்றதில்லை. எல்லாவற்றையும் முப்பது நாள் கணக்கில்தான் வைத்தேன். பெரியாஸ்பத்திரியில் என்னைப் போலவே வேலை தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார்.

திங்களன்று மனுவைக் கொடுத்தேன். புதனன்று அந்தப் பயிற்சி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"சார், உங்க மனுவுக்குப் பதில் எழுதணும்னு அம்மாவோட கேஸ் ஷீட்ட ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. வர்ற திங்கக்கிழம ஆபரேஷன் லிஸ்ட்ல அம்மா பேரு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கேஸ் ஷீட் வரலன்னா பேர எடுத்துடுவாங்க. மனுவ வாபஸ் வாங்கிடுங்க சார், ப்ளீஸ்."

நாற்பத்தெட்டு மணி நேரம் அன்றோடு முடிகிறது. மேல்முறையீட்டை எழுதிப் பையில் வைத்திருந்தேன். நல்ல மேல்முறையீடு. "நகல் எடுத்துக்கிட்டு அசலைத் திருப்பித் தரணும், அதுதான் நடைமுறை. நான் எதுக்கு வாபஸ் வாங்கணும்?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவுக்கு உதடு நீலமானது. அப்போதுதான் ஓடிப்போய் வாபஸ் கடிதம் கொடுத்தேன். எழுத்தர் முத்திரை குத்தி, அதே கோப்பில் அதையும் சேர்த்துக் கட்டினார். "திங்கக்கிழம ஐயா வந்து பாப்பாரு சார்."

திங்களன்று ஒட்டிய லிஸ்டில் அக்காவின் பெயர் இல்லை. கேஸ் ஷீட் இல்லாத நோயாளியை லிஸ்டில் சேர்க்கக் கூடாது. அதுவும் விதிதான், சரியான விதி. வியாழக்கிழமை விடிந்ததும் அக்கா நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். கடைசியாக இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இறப்பைப் பதிய வேண்டும் என்று வார்டிலிருந்து கேட்டதும் கேஸ் ஷீட் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள், அக்காவுக்காக நான் அரசாங்கத்தோடு போராடினேன் என்று சொன்னார்கள். மாமாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அது தவறான தகவல். இந்தக் கட்டுரையின் வழியாக அதைத் திருத்துகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசி வாரம் அக்காவுக்குத் தலை வாரிவிட்ட நர்ஸ் அம்மா. சிதம்பரம் வரை வண்டியில் உடலைக் கொண்டுவந்து, இறக்கிய பிறகும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கைகட்டி நின்ற ஓட்டுநர். லால்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்ட, அக்காவோடு வேலை பார்த்த தோழி. ஒரு நாள் விடுப்புப் போட்டு வந்து அழுதுவிட்டுப் போன அந்தப் பயிற்சி டாக்டர். இவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்தப் பட்டியலில் என் பெயர் வராது.

பதிலும் வந்தது. சிதம்பரம் வீட்டு வாசலில் பந்தலுக்குள் தபால்காரர் வந்து நின்று, "ரெஜிஸ்டர் தபால், அம்மா பேருக்கு வந்திருக்கு. அவுங்க கையெழுத்துப் போடணுமே" என்றார். பந்தலைப் பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

உள்ளே ஒரே வரி: மனுதாரர் அறுவைச் சிகிச்சைக்கான வரிசையில் இரண்டாவதாக உள்ளார். முப்பது நாளுக்குள்தான் வந்திருந்தது. குறை சொல்ல இடமில்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு, பக்கத்துக் கட்டத்தில் தேதியைப் போட்டேன். அன்று அக்காவின் பதினாறாம் நாள்.