வாழவந்தி பஸ்ஸில் வந்த வைரஸ்

ஒண்டிக்கடை என்னும் மலையூரில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் காதுகுத்துப் பத்திரிகையிலிருந்து கருமாதி பேனர் வரை எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். யார் வீட்டில் மாப்பிள்ளைக்கு வயதைக் குறைத்துப் போடச் சொன்னார்கள், யார் பேனரில் பங்காளியின் போட்டோவை வேண்டுமென்றே சின்னதாக வைக்கச் சொன்னார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை. சொன்னால் கடை ஓடாது.

கீழே சேலத்தில் எதையும் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். இங்கே மேகம் இறங்கினால் சிக்னலும் கூடவே இறங்கிப் போய்விடும். அதனால் எங்கள் மலையில் இன்னும் பென் டிரைவ்தான். அதையும் யாரும் தானே எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். சாயங்கால டிரிப்பில் வாழவந்தி ஊருக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள், அவர் மறுநாள் காலை டிரிப்பில் என்னிடம் சேர்ப்பார். மாத்திரை, மல்லிகைப்பூ, யாரோ மறந்துவிட்ட டிபன் கேரியர், இவற்றோடு பெயர்ச்சீட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பென் டிரைவும் வரும். இடையில் ஓர் இரவு அவையெல்லாம் டிரைவர் வீட்டில் தங்கும். அங்கே என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த டிரைவரின் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போயிற்று. அதற்கு முன்னால் மலையிலேயே பெரிய வாய் அவருடையதுதான். தினமும் ஒரு டிரிப்பாவது பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து, கணவர் ஓட்டுவதற்கு வர்ணனை சொல்லிக்கொண்டு வருவார். ஒருநாள் அவர் விளையாட்டாகக் கண்டக்டர் வேலை பார்த்ததை டிரைவர் போனில் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு வைத்திருந்தார். அந்தப் போன் பிறகு அவர் பஸ் சக்கரத்துக்கே பலியாகிவிட்டது. மிஞ்சியது அந்தப் பென் டிரைவில் இருந்த குரல் ஒன்றுதான். அதை பஸ்ஸின் பாட்டு செட்டில் செருகியே வைத்திருப்பார், இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் அந்தக் குரல் வரும்.

"கரடியூர் போறவங்க இந்த பஸ்ஸுல ஏறாதீங்க, இது அங்க போகாது. டிரைவரே, வளைவுல மெதுவாப் போங்க. ஊட்டுக்குப் போயிச் சோறு திங்கோணுமல்ல."

பஸ்ஸே சிரிக்கும். அந்த அம்மாவும் முன்சீட்டில்தான் இருப்பார், வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் மலையில் பென் டிரைவ்களுக்கு நோய் வந்தது. திறந்தால் உள்ளே ஃபோல்டர் ஒன்றும் இருக்காது. மூலையில் குட்டி அம்புக்குறியோடு ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், மகளின் சீர் போட்டோக்களைக் காணோம் என்று வந்தார். கோயில் ஆள் இது கண்திருஷ்டி என்று பென் டிரைவுக்குத் திருநீறு பூசிக் கொண்டுவந்தார், துடைத்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. சர்ச்சில் பாட்டு நடத்துபவர் சாத்தானின் வேலை என்றார். சாத்தானுக்கு உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதுகிற பொறுமை ஏது?

ஆம், அது ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் குட்டி நிரல். சில வரிகள்தான். அந்த அம்பைக் கிளிக் செய்தால் முதலில் ஸ்கிரிப்ட் ஓடிக் கம்ப்யூட்டருக்குள் குடியேறும், அப்புறம் ஒன்றும் தெரியாத மாதிரி ஃபோல்டரைத் திறந்து காட்டும். திறக்கிறதே, பிறகென்ன என்று ஜனங்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் சரக்கை ஒளித்துவைத்துவிட்டு இன்னொரு அம்பை நட்டுவிடும். அழிப்பதில்லை, ஒளிப்பதோடு சரி. பென் டிரைவ் நிறைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும், திறந்தால் காலி. நோய் இதுதான் என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். என் கம்ப்யூட்டரில் இந்த மாதிரி ஸ்கிரிப்டே ஓடாதபடி அடைத்து வைத்திருக்கிறேன், அதனால் தப்பித்தேன்.

சுத்தம் செய்து கொடுத்ததெல்லாம் அடுத்த வாரமே நோயோடு திரும்பி வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரில் வந்து கொடுத்தவர்களின் பென் டிரைவெல்லாம் ஆரோக்கியமாக இருந்தது. பஸ்ஸில் வந்ததெல்லாம் படுத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெட்கப்படும் அளவுக்கு நாளாயிற்று. பஸ் நின்றதும் போய் டிரைவரை மறித்தேன்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்களா?"

"எம்பட மக கல்யாணமாகிப் போறப்ப உட்டுட்டுப் போன லேப்டாப்பு ஒண்ணு கெடக்குது. ஏன் அம்மணி?"

"ஊரு பென் டிரைவையெல்லாம் அதுல சொருகறீங்களா?"

"பாட்டு இருந்தா எடுத்துக்குவனுங்க. எல்லார்த்துதையும் சும்மாதான சொமந்துட்டு வர்றேன், ஒரு பாட்டு எடுத்துக்கக் கூடாதா?"

பார்சல் கூலி பாட்டாக வசூலாகியிருக்கிறது. ஒரே லேப்டாப், ஒட்டுமொத்த மலைக்கும் சீக்கு. லேப்டாப்பையும் உங்கள் பென் டிரைவையும் கொண்டுவாருங்கள், இரண்டையும் சுத்தம் செய்தால்தான் இது நிற்கும் என்றேன். லேப்டாப்புக்குத் தலையாட்டினார். பென் டிரைவ் என்றதும் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் வேண்டாம் அம்மணி. சேலத்துல ஒருத்தன் சொருகிப் பாத்துட்டு, உள்ள ஒண்ணுமேயில்லைங்க, மொத்தத்தையும் தொடச்சு ஃபார்மேட் பண்ணிரலாமுன்னான். புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன். கம்ப்யூட்டர்ல இவ இல்லைங்க. பஸ்ஸுல இருக்கறா. பஸ்ஸுலயே இருந்துட்டுப் போகட்டும்."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஃபார்மேட் வைத்தியர்களை நான் மனதுக்குள் திட்டினேன். இவரையும் சேர்த்துத்தான் திட்டினேன். கம்ப்யூட்டருக்கு ஒளித்துவைத்தது கண்ணில் படாது. பஸ் செட்டுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது, உள்ளே சத்தம் எங்கே இருந்தாலும் எடுத்துப் பாடிவிடும். குரல் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எவ்வளவு சொல்லியும் மனிதர் அசையவில்லை. இப்படியே பஸ்ஸின் குலுக்கலில் விட்டால் இன்றைக்கோ நாளைக்கோ அந்தப் பென் டிரைவே உடைந்துபோகும் என்றேன். அதற்கும் அசையவில்லை.

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி முன்சீட்டிலிருந்து எழுந்து, செட்டிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தார். டிரைவர் வாயைத் திறந்தார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். பேச்சிருந்த காலத்திலேயே டிரைவர் அவரிடம் ஜெயித்ததில்லை.

டிரைவருக்கு லீவு நாளில் இருவரும் லேப்டாப்போடு கடைக்கு வந்தார்கள். முதலில் லேப்டாப். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ள அது போட்டுவைத்திருந்த ஏற்பாட்டைக் கலைத்தேன். ஒளிந்திருந்த மூலத்தைத் தேடி அழித்தேன். இந்த வரிசை மாறினால் செத்தது மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகி, ஒளிந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னேன். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரிந்தது. எதையும் தொடும் முன்பே அதை நகலெடுத்துக்கொண்டேன். அதன்பிறகுதான் அந்த அம்பைத் தேர்ந்தெடுத்தேன்.

"அழிக்கறீங்களா?" என்றார் டிரைவர்.

"அழிக்கறனுங்க."

கண்ணை மூடிக்கொண்டு மலைச்சாமி சேர்வராயனைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் அம்பையும் ஸ்கிரிப்டையும் அழித்துவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஊர்ப்பாட்டெல்லாம் அதில் இருந்தது, சர்ச் பாட்டும் கோயில் பாட்டும் ஒரே ஃபோல்டரில். அவற்றின் கீழே அந்தப் பதிவு. கண்ணைத் திறங்க அண்ணா என்று சொல்லிவிட்டு ஓடவிட்டேன்.

பஸ் என்ஜின் சத்தம் இல்லாமல் அந்தக் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. சின்ன அறை, ஜெராக்ஸ் மெஷினையும் நிறுத்தியிருந்தேன். கரடியூர் போறவங்க இந்த பஸ்ஸுல ஏறாதீங்க என்று தொடங்கியது. டிரைவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. டிரைவரே என்று கூப்பிடும் இடத்தில் புருவம் உயர்ந்தது, சோறு திங்கோணுமல்ல என்னும் இடத்தில் தலை ஆடியது. ஒருமுறை சொல்லிப் பார்த்து வருகிற துல்லியம் இல்லை அது.

"ஏம்புள்ள, தெனமும் பஸ்ஸுல இப்பிடித்தான் கூடவே சொல்லிட்டு வந்தியா?" என்றார் டிரைவர்.

அந்த அம்மா ஆமாம் என்று தலையசைத்தார்.

டிரைவர் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நா ரோட்டையே பாத்துட்டு இருந்துட்டனே" என்றார்.